சமைக்கிறவள் பிள்ளை

ஏப்ரல் கடைசி வாரம் ஒரு வியாழக்கிழமை. உப்புமா அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள் சசிகலா. அப்போதுதான் அந்தச் சேதி வந்தது. சொன்னவர் சத்யா மேடம், யூனியன் ஆபீஸிலிருந்து பள்ளிக்கூடங்களின் காலை உணவு வேலையைப் பார்க்க வருகிறவர். கெட்ட மனுசி இல்லை. கெட்ட சேதியைக்கூடப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் சொன்னார்.

“சசி, விக்கி அஞ்சாவது முடிக்கிறான்ல?”

“ஆமாங்க மேடம். நல்லாப் படிக்கிறான்.”

“அதுக்கில்ல. ஜூன்லேருந்து அவன் ஆறாவதுக்கு ஹைஸ்கூல் போயிருவான். இந்தப் பள்ளிக்கூடத்துல உன் புள்ளன்னு யாரும் இருக்க மாட்டாங்க. விதிமுறை உனக்கே தெரியும். வேற ஆளுதான் போடணும்.”

தெரியும். தெரியாமல் என்ன? ரெண்டு வருசத்துக்கு முன்னால் வேலைக்கு எடுத்தபோதே வரி வரியாகப் படித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினார்கள். மகளிர் குழுவில் மூன்று வருசம் இருந்திருக்க வேண்டும். பத்தாவது படித்திருக்க வேண்டும், போனில் படம் எடுத்து ஏற்றத் தெரிய வேண்டும், அந்த ஊராட்சியிலேயே குடியிருக்க வேண்டும். அதற்கெல்லாம் மேலே, சமைக்கிறவளின் பிள்ளை அதே பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டும். இதை யோசித்தவர் நல்ல மனசோடுதான் யோசித்திருப்பார். தன் பிள்ளை தின்னப்போகிற சோற்றில் எந்தத் தாய் கல் பொறுக்காமல் விடுவாள்? குறை சொல்ல முடியாத விதிதான். ஆனால் பிள்ளைகள் வளர்ந்து தொலைக்கிறார்களே, அதற்கு என்ன செய்வது!

வாலிகண்டபுரத்திலிருந்து உள்ளே போகிற டவுன் பஸ்ஸின் கடைசி நிறுத்தம்தான் சசிகலாவின் ஊர். பஸ் வந்து பள்ளிக்கூடத்து முன்னால் திரும்பி, பத்து நிமிசம் நின்றுவிட்டுப் போகும். அந்தப் பள்ளிக்கூடத்தில் மொத்தம் இருபத்தெட்டுப் பிள்ளைகள். அந்த இருபத்தெட்டு வயிற்றையும் காலை எட்டரைக்குள் நிரப்புகிற வேலை அவளுடையது. புருசன் அன்பழகன் லாரியில் அடிபட்டுச் செத்து ஆறு வருசம் ஆகிறது. அதன்பிறகு அவள் செய்யாத வேலை இல்லை. பருத்தி எடுத்தாள், சின்ன வெங்காயம் அறுத்தாள், நூறுநாள் வேலைக்குப் போய் ஏரியில் மண் வெட்டினாள். சத்துணவு உதவியாளர் வேலைக்கு ரெண்டு தடவை மனுப் போட்டாள். ரெண்டு தடவையும் இண்டர்வியூவுக்குக் கடுதாசி வந்தது, ரெண்டு தடவையும் வேலை வேறொருத்திக்குப் போனது. அப்படி அலைந்தவளுக்கு அரசாங்கம் என்று பெயர் சொல்லிக்கொள்ள ஒரு வேலை கிடைத்ததென்றால் இதுதான். மழை பெய்தாலும் உண்டு, வெயில் கொளுத்தினாலும் உண்டு. யாரும் அவளை ஏய் என்று கூப்பிடவில்லை. தலைமையாசிரியர் வேணுகோபால் சார் தினமும் ஒரு கரண்டி ருசி பார்த்துவிட்டு, “உப்பு சரியா இருக்கும்மா” என்று சொல்லும்போது அவளுக்குக் கிடைக்கிற சந்தோசம் இருக்கிறதே, அதை யாரிடம் போய்ச் சொல்ல?

“அடுத்து யாருங்க மேடம்?”

“குழுவுல மஞ்சு இருக்கா. அவ பொண்ணு ரெண்டாவது போவுது.”

மஞ்சுவும் பாவம்தான். புருசன் இருக்கிறான், இருந்தும் இல்லாத கணக்கு. சசிகலாவால் அவளைத் திட்டக்கூட முடியவில்லை. அன்றைக்கு முழுக்க வாயில் பச்சைத் தண்ணீர் இறங்கவில்லை. இனி என்ன, திருப்பூர்தான். பையனை எங்கே விடுவது? அதையே நினைத்துப் புரண்டவளுக்கு, பெட்டிக்குள் கிடந்த ஒரு காகிதம் ஞாபகத்துக்கு வந்தது. ஞாபகத்துக்கு வராமலே இருந்திருக்கலாம்.

அது அபிநயாவின் பிறப்புச் சான்றிதழ்.

அபிநயா யார் என்று சொல்லிவிடுகிறேன். சசிகலாவின் ரெண்டாவது பிள்ளை. அன்பழகன் போனபோது வயிற்றில் ஏழு மாசம். பிறந்து நாற்பதாம் நாள் ஜெயங்கொண்டத்திலிருந்து அக்கா செல்லக்கண்ணு வந்தாள். அவளுக்குக் கலியாணமாகிப் பன்னிரண்டு வருசம், போகாத கோயில் இல்லை, வயிறு திறக்கவில்லை. தங்கச்சி ஒரு கையில் பையனும் ஒரு கையில் பச்சைப் பிள்ளையுமாகச் சோற்றுக்கு அல்லாடுவதைப் பார்த்தாள். “இவள எங்கிட்டக் குடுத்துருடி” என்றாள். சசிகலா குடுத்துவிட்டாள். அக்கா புருசன் நடராசன், டெய்லர், எழுத்துப்பூர்வமாகச் செய்துகொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தார். “ஒடம்பொறந்தவகிட்ட எதுக்குங்க பத்திரம்?” என்று செல்லக்கண்ணு வாயை அடைத்துவிட்டாள். அக்கா தங்கச்சிக்குள் பிள்ளை கைமாறுவது அந்தப் பக்கத்தில் ஒரு அதிசயமும் இல்லை. சொந்தக்காரர்கள் நாலு பேருக்குத் தெரிந்தால் போதும், தாலுகா ஆபீஸுக்கு எதற்குத் தெரிய வேண்டும்? அபிநயாவுக்குச் செல்லக்கண்ணுதான் அம்மா, நடராசன் அப்பா. வருசத்துக்கு ரெண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகிற சசிகலா, சித்தி.

ஆனால் காகிதத்தில் தாய் பெயர்: சசிகலா.

மறுநாள் வேணுகோபால் சாரிடம் அதை நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரெண்டு தடவை படித்தார்.

“காகிதம் சரியாத்தாம்மா இருக்கு. ஒண்ணாங் கிளாஸ் வயசும் ஆவுது. சேத்தா, அஞ்சு வருசம் உன் வேலைக்கு ஆபத்தில்ல.” கண்ணாடியைக் கழற்றினார். “புள்ளைக்குத் தெரியுமா?”

“என்னங்க சார்?”

“நீதான் அம்மான்னு.”

அவள் காகிதத்தை வாங்கி நாலாக மடித்தாள். அவரும் திருப்பிக் கேட்கவில்லை.

மே மாசத்து வெயிலில் பெரம்பலூர் போய், அரியலூரில் பஸ் மாறி, ஜெயங்கொண்டத்தில் இறங்கினாள். வழியெல்லாம் முந்திரிக் காடு. பஸ்ஸில் உட்கார்ந்து எப்படிக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று நூறு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் நன்றாக இல்லை. நன்றாக இருக்குமா? கேட்கப்போகிற விஷயம் அப்படி.

வாசலில் அபிநயா முந்திரிப்பழத்தை உப்பு மிளகாய் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். சாறு ஒழுகிச் சட்டையெல்லாம் கறை. “அம்மா, சித்தி வந்துருக்கு!” என்று உள்ளே பார்த்துக் கத்தினாள்.

செல்லக்கண்ணு வெளியே வந்தாள். “என்னடி, சொல்லாம கொள்ளாம? விக்கி எங்க? மொகமே சரியில்லையே.”

தண்ணீர் குடித்து, சோறு தின்று, பிள்ளை விளையாடப் போன பிறகுதான் சசிகலா வாயைத் திறந்தாள். முழுக்கச் சொன்னாள். சுவரோரம் ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் பாதியிலேயே நின்றுபோனது. நடராசன் ஊசிக்கு அடியில் இருந்த துணியைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“புள்ளையப் பறிக்க வரலக்கா. பேருக்குத்தான். பேரு மட்டும் அந்தப் பள்ளிக்கூடத்துல இருந்தாப் போதும்.”

“பேரு இருந்தா புள்ள இருக்க வேணாமா? தெனமும் ஆஜர் எடுக்க மாட்டாங்களா?”

“எடுப்பாங்க.”

“அப்ப பேரு மட்டும்னு சொல்லாத.”

நடராசன் மெல்லச் சொன்னார்: “அன்னைக்கே எழுதிக்கலாம்னு சொன்னேன்.”

“நீங்க சும்மா இருங்க.” செல்லக்கண்ணு தங்கச்சியைப் பார்த்தாள். “எத்தன வருசம்?”

“அஞ்சாவது முடியுற வரைக்கும்.”

“அஞ்சு வருசம்.” செல்லக்கண்ணு விரலை மடக்கிப் பார்த்தாள், ஏதோ அது பெரிய கணக்கு என்பதுபோல. “நான் மாட்டேன்னா என்னடி பண்ணுவ? காகிதத்தக் காட்டித் தூக்கிட்டுப் போவியா?”

“ஐயோ அக்கா! அப்படி நெனச்சா என் நாக்கு அழுவிப் போவும். நீ மாட்டேன்னா நான் திருப்பூரு போறேன். விக்கிய மட்டும் ஒங்கிட்ட உட்டுட்டுப் போறேன். அவ்ளோதான்.” சொல்லிக்கொண்டே சசிகலா அழுதுவிட்டாள். அக்கா காலைப் பிடித்தாள்.

செல்லக்கண்ணு காலை இழுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் சொன்னாள்:

“நீ இவளத் தூக்கிக் குடுத்தப்ப ஒனக்கு மாருல பாலு கட்டி, பத்து நாளு காச்சல்ல கெடந்த. எனக்குத் தெரியும். இவள வூட்டுக்குக் கொண்டாந்தப்பறம் ஒருநாளும் அத நான் மறக்கல. இல்லன்னு சொல்லணும்னுதான் இருக்கு. அந்த வார்த்த வாயில வர மாட்டேங்குது.”

ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளை ஜெயங்கொண்டம் வந்துவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போகும். கூட்டிப் போவது வருவதெல்லாம் நடராசன் பொறுப்பு. சசிகலா சரி சரி என்று தலையாட்டினாள். அந்த நேரத்தில் எதைக் கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பாள்.

அபிநயாவிடம் சித்தி வீட்டில் இருந்து படிக்கப் போகிறாய் என்று சொன்னார்கள். அவள் விக்கி அண்ணனோடு விளையாடலாம் என்று குதித்தாள். பஸ் ஏறும்வரை குதித்தாள். அம்மா ஏறவில்லை என்று தெரிந்தபோது போட்ட கூச்சலில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். அரியலூர் வருகிறவரை அழுது, சசிகலா மடியிலேயே தூங்கிப்போனாள்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. அபிநயா ஒன்றாம் வகுப்பு. சசிகலாவின் வேலை நின்றது, அதாவது கெட்டியாக நின்றது.

விடியக்காலை அஞ்சு மணிக்கே அவள் பள்ளிக்கூடத்துக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்துவிடுவாள். விக்கி தங்கச்சியை எழுப்பி, பல் விளக்க வைத்து, கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டுவிட்டு ஹைஸ்கூலுக்கு ஓடுவான். வரிசையில் மூன்றாவதாக உட்காருவாள் அபிநயா. சசிகலா அண்டாவோடு வந்து அவள் தட்டில் போடும்போது கை தானாக ஒரு கரண்டி கூடுதலாகப் போகும். சாயங்காலம் பிள்ளைக்குத் தலை வாரிப் பின்னிவிடுவாள். பெற்ற பிள்ளையின் தலைமுடியை அவள் தொட்டு வாரியது அந்த ஜூன் மாசத்தில்தான் முதல் தடவை. வேலைக்காகத்தான் கூட்டி வந்தாள். பொய் சொல்வானேன், வேலைக்காக மட்டும் என்பது பத்தே நாளில் போய்விட்டது. அக்காவிடம் பேருக்கு என்று சொன்னவள், ராத்திரி பிள்ளை தூக்கத்தில் கையைத் தூக்கித் தன்மேல் போட்டால் மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தாள். எங்கே எடுத்துவிடுவாளோ என்ற பயம்.

ஆனால் பிள்ளைக்கு அவள் சித்திதான். “சித்தி, இன்னும் வெள்ளிக்கெழம வரலையா?” திங்கட்கிழமை காலையிலேயே அந்தக் கேள்வி தொடங்கிவிடும். வெள்ளி சாயங்காலம் பஸ்ஸிலிருந்து நடராசன் இறங்கினால், “அப்பா!” என்று ஓடுகிற ஓட்டத்தில் செருப்பு ஒரு பக்கம், பை ஒரு பக்கம்.

ஊர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. மஞ்சுவும் பார்த்தாள். ஜூலை கடைசியில் ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நேராகவே கேட்டாள்.

“ஏக்கா, நான் தெரியாமத்தான் கேக்குறேன். ஒம் புள்ளன்னா, வெள்ளிக்கெழம ஆனா அது எங்க போவுது? ஒன்னய ஏன் சித்திங்குது?”

“நான் பெத்த புள்ளடி அது.”

“பெத்த, இல்லங்கல. குடுத்துட்டல்ல? எனக்கும் வவுறு இருக்குக்கா. எம் புள்ளையும் இந்தப் பள்ளிக்கூடத்துலதான் படிக்குது, எங்கேருந்தும் கொண்டாரல.”

அந்தத் திங்கட்கிழமையே மஞ்சு பெரம்பலூர் போய்க் கலெக்டர் ஆபீஸ் மனுநாளில் மனுக் கொடுத்துவிட்டாள். வேலைக்காக வெளியூர்ப் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார், விசாரிக்க வேண்டும் என்று. மஞ்சு எழுதியதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதுதான் சசிகலாவைச் சுட்டது.

ஆகஸ்டு பிறந்ததும் சத்யா மேடம் போனில் சொன்னார்: “நான் விசாரணைக்கு வரணும் சசி. இந்த மாசத்துல என்னைக்காவது வருவேன், சொல்லிட்டு வர முடியாது. புள்ளைகிட்டயும் ஒரு வார்த்த கேப்பேன். காகிதம் சரியா இருந்து, புள்ள உன்கூட இருக்குன்னா எழுதி முடிச்சிருவேன். அந்தப் புள்ள இங்க சும்மா வந்து போவுதுன்னு தெரிஞ்சா எங்கையில ஒண்ணும் இல்ல.”

அன்று சாயங்காலமே சசிகலா அக்காவுக்குப் போன் போட்டாள்.

“அக்கா, இந்த மாசம் அபியை அனுப்ப முடியாது. மாமாவும் வர வேணாம். நீயும் வராத. விசாரண இருக்கு.”

“இருபதாந் தேதி அவளுக்குப் பொறந்தநாளுடி.”

“அப்பறம் கொண்டாடிக்கலாம்க்கா. என் நெலமயப் புரிஞ்சிக்க.”

“ஒன் நெலமயத்தாண்டி நான் ஆறு வருசமாப் புரிஞ்சிக்கிட்டு இருக்கேன்,” என்று செல்லக்கண்ணு போனை வைத்துவிட்டாள்.

சசிகலா அதற்குமேல் செய்ததை அக்காவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? பிள்ளையை எதிரே உட்காரவைத்து, கையைக் கட்டச் சொல்லி, பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள்.

“ஒரு மேடம் வருவாங்க. ஒங்கம்மா பேரு என்னன்னு கேப்பாங்க. என்ன சொல்லணும்?”

“செல்லக்கண்ணு.”

“இல்ல கண்ணு. சசிகலான்னு சொல்லணும்.”

“அது நீயில்ல?”

“ஆமா. ஜெயங்கொண்டத்துல இருக்கறது யாருன்னு கேட்டா, பெரியம்மான்னு சொல்லணும்.”

அபிநயா யோசித்தாள். “அப்படிச் சொன்னா அம்மாவுக்குக் கோவம் வராது?”

“வராது. அம்மாதான் இங்க இல்லல்ல. சும்மா வெளையாட்டுக்கு. மேடம் கேக்கும்போது மட்டும் சொன்னாப் போதும்.”

“மாட்டேன் போ.”

அங்கேதான் சசிகலா வாயை விட்டாள். ஒரு தாய் சொல்லக்கூடாத பேரம் அது. “சரியாச் சொன்னேன்னு வையி, அன்னைக்கே ஒன்ன ஒங்கம்மாகிட்டக் கொண்டுபோயி உடுறேன்.”

பிள்ளையின் கண் விரிந்தது. “நெசமா?”

“நெசமா.”

பிறகென்ன, பாடம் மூன்றே நாளில் மனப்பாடம். காலையில் எழுந்ததும் ஒரு தடவை, தூங்கும்முன் ஒரு தடவை. விக்கிகூடச் சிரித்துக்கொண்டே கேள்வி கேட்டுப் பார்த்தான். எப்படிக் கேட்டாலும் பிள்ளை பிசகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கடகடவென்று ஒப்பித்தாள். கேட்க வேண்டிய மேடம்தான் வரவில்லை. வாசலில் மோட்டார் சத்தம் கேட்டாலே, “மேடமா சித்தி?” என்று ஓடிப் பார்ப்பாள். ஒரு வாரம் போனது, ரெண்டு வாரம் போனது. சசிகலாவுக்கு மனசு குத்தாமல் இல்லை. இந்த விசாரணை மட்டும் முடியட்டும், அடுத்த வெள்ளியிலிருந்து பழையபடி அனுப்பிவிடலாம், அக்கா காலில் விழுந்தாவது சமாதானம் செய்துவிடலாம் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

ஆகஸ்டு இருபது, புதன்கிழமை. பொங்கலும் சாம்பாரும். மிளகு சீரகத்தை எண்ணெயில் தாளித்துக் கொட்டிக்கொண்டிருந்தபோதே சத்யா மேடத்தின் ஸ்கூட்டி வந்து நின்றது. மேடம் வேணுகோபால் சாரோடு உட்கார்ந்து சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்தார். சான்றிதழைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். மஞ்சு தன் பிள்ளையை விட வந்தவள் போகாமல் கேட்டோரம் நின்றாள். பிள்ளைகள் தட்டோடு வரிசையாக உட்கார்ந்தார்கள்.

மேடம் வரிசையருகே வந்து குனிந்தார். “நீதான் அபிநயாவா? அம்மா எங்க பாப்பா?”

அபிநயா எழுந்து கையைக் கட்டப்போன நேரம், டவுன் பஸ் வந்து திரும்பியது. அதிலிருந்து செல்லக்கண்ணு இறங்கினாள்.

தாங்க முடியாமல் வந்துவிட்டாள், பாவம். வர வேண்டாம் என்றால்? மூன்று வாரம் பிள்ளை முகம் பார்க்காமல், பிறந்தநாளும் அதுவுமாக எப்படி இருப்பாள்? விடியுமுன்னே கிளம்பி ரெண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். கையில் மஞ்சப்பை. அதிலிருந்து நடராசன் தைத்த ஊதாப் பாவாடையின் கரை வெளியே தெரிந்தது. பள்ளிக்கூடத்துக்குள் இத்தனை பேர் நிற்பதை அவள் கவனிக்கவே இல்லை. கேட்டைத் தாண்டி வந்து, “அபி!” என்றாள்.

பிள்ளை ஓடியது. தட்டைத் தாண்டி, பக்கத்துப் பிள்ளையின் காலை மிதித்துக்கொண்டு ஓடியது. பாதி தூரம் போனதும் சட்டென்று நின்றாள். திரும்பி அண்டாவோடு நின்ற சசிகலாவைப் பார்த்தாள், மேடத்தைப் பார்த்தாள். ஏதோ ஞாபகம் வந்தவளாக நிமிர்ந்து நின்று கையைக் கட்டிக்கொண்டாள்.

மேடம் கேட்டார்: “யாரு பாப்பா இவங்க?”

“இவங்க என் பெரியம்மா. ஜெயங்கொண்டத்துல இருக்காங்க. எங்கம்மா பேரு சசிகலா.”

ஒரு எழுத்துத் தவறவில்லை. பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்.

தூக்கிக்கொள்ள நீட்டிய கை நீட்டியபடியே நின்றது செல்லக்கண்ணுவுக்கு. அவள் பிள்ளையைப் பார்த்தாள். அப்புறம் தங்கச்சியைப் பார்த்தாள். சசிகலா அந்தப் பார்வையைத் தாங்கமாட்டாமல் கரண்டியைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை செல்லக்கண்ணு சொன்னால் போதும், எல்லாம் முடிந்துபோகும். மஞ்சு கேட்டோரம் அதற்குத்தான் காத்திருந்தாள்.

“அப்படிங்களா?” என்றார் மேடம்.

“ஆமாங்க,” என்றாள் செல்லக்கண்ணு. “பெரியம்மாதாங்க. எந் தங்கச்சி புள்ள.”

மேடம் தலையாட்டிவிட்டு நோட்டில் எழுதினார். செல்லக்கண்ணு குனிந்து மஞ்சப்பையைப் பிள்ளையின் காலடியில் வைத்தாள். பிள்ளையைத் தொடவில்லை. தொட்டால் விட முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். திரும்பி நடந்தாள்.

“அக்கா, சாப்ட்டுட்டுப் போக்கா,” என்று சசிகலா கூப்பிட்டாள். பின்னாலேயே ஓடியிருக்க வேண்டும், ஓடவில்லை. இருபத்தெட்டுத் தட்டு காலியாக இருந்தது, மேடம் பார்த்துக்கொண்டிருந்தார், கையில் சூடான அண்டா. அவள் பொங்கலைப் போட்டுக்கொண்டே போனாள். கண் மறைத்து எந்தத் தட்டில் எவ்வளவு விழுந்தது என்றே தெரியவில்லை. வெளியே பஸ் கிளம்புகிற சத்தம் கேட்டது.

மேடம் ஸ்கூட்டியை எடுக்கும்போது பக்கத்தில் வந்து சொன்னார். “மனுவ முடிச்சி எழுதிட்டேன் சசி. இனிமே யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. அஞ்சாவது முடியற வரைக்கும் வேல உனக்குத்தான்.” பிறகு ஏதோ கேட்க வந்தவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே போய்விட்டார். மஞ்சுவும் போய்விட்டாள். போகும்போது அவள் சண்டை போடவில்லை. “இப்படி ஒரு வேல எனக்கு வேணாம்க்கா,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

சசிகலா சமையல் கூடத்துக்குள் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். வேலை நிலைத்துவிட்டது. அஞ்சு வருசம். திருப்பூர் போக வேண்டாம், விக்கி படிப்பான். நினைத்தது அத்தனையும் நடந்துவிட்டது. பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

வாசலில் நிழல் தட்டியது. அபிநயா நின்றாள். பள்ளிக்கூடத்துப் பையை முதுகில் மாட்டியிருந்தாள், செருப்பைப் போட்டிருந்தாள், மஞ்சப்பையை ரெண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“சித்தி, நான் சரியாச் சொன்னேன்ல?”

சசிகலா தலையை மட்டும் ஆட்டினாள்.

“அப்ப வா, போவோம். அம்மா பஸ்ஸுல எனக்கு எடம் போட்டு வெச்சிருக்கும்.”

பஸ் போய்க் கால் மணி நேரம் ஆகியிருந்தது.